குபேரன் கடனும் உடைந்த கப்பலும்

நாராயணவனம் திருப்பதி மாவட்டத்தில் புத்தூரை ஒட்டிய சின்ன ஊர். ஆகாசராஜனின் மகள் பத்மாவதியைச் சீனிவாசப் பெருமாள் கைப்பிடித்தது இங்கேதான் என்கிறது தலபுராணம். அங்குள்ள கல்யாண வெங்கடேசுவரர் கோவிலில் ஒரு பெரிய கல் திரிகை இருக்கிறது. கல்யாணத்துக்கு அரைத்த திரிகை இதுதான் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் பெருமாள் கையில் காசில்லை. குபேரனிடம் கடன் வாங்கினார். பிரம்மாவும் சிவனும் அரசமரமும் சாட்சியாக நிற்கப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுவதாக ஒப்புக்கொண்டார். திருமலை உண்டியலில் விழுகிற ஒவ்வொரு காசும் அந்த வட்டிக்குத்தான் போகிறது என்பது கோடிக்கணக்கான பக்தர்களின் நம்பிக்கை. கதையைக் கேட்கிறவர்கள் கல்யாணத்தைப் பார்க்கிறார்கள், கடனைப் பார்த்துச் சிரித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தக் கடன்தான் கதையின் உயிர் என்று தோன்றுகிறது. உலகையெல்லாம் உடையவன் என்று கும்பிடப்படுகிறவன்கூட, பிறன் பொருளை எடுக்குமுன் சாட்சி வைத்து எழுதிக் கொடுக்கிறான். எத்தனை ஆயிரம் ஆண்டுகள் போனாலும் அந்தக் கணக்கு தள்ளுபடியாவதில்லை. உடைமையைக் காலம் அரித்துவிடாது என்பதைக் கடவுளையே கடன்காரனாக்கிச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான ஒரு நம்பிக்கையும் அதே வட்டாரத்தில் உண்டு. சித்தூர், கடப்பை, அனந்தபூர், கர்னூல் பக்கங்களில் குப்த நிதி என்ற பேச்சைக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். பாழடைந்த கோவிலின் கர்ப்பக்கிருகத்தையோ நந்தியின் பீடத்தையோ ராத்திரியில் பெயர்த்துப் பார்த்த கும்பல் பிடிபட்டது என்று தெலுங்குப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வரும். அவர்கள் பூசை போட்டுவிட்டுத்தான் தோண்டுகிறார்கள். கிடைத்தால் அது தெய்வம் தந்தது. ‘சிவன் சொத்து குல நாசம்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள்தாம், ஆனால் மண்ணுக்குள் போய்விட்ட பொருள் சிவனை விட்டும் போய்விட்டது என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். இதே எண்ணம் கடலில் பெரிய முதலீட்டோடு நடக்கிறது. ஆழ்கடல் ரோபோக்களும் பங்குதாரர்களும் வழக்கறிஞர்களும் கொண்ட நிறுவனங்கள் பழைய கப்பல்களைத் தேடிப்பிடித்து, சரக்கை மேலே கொண்டுவந்து ஏலம் விடுகின்றன. அரசுகள் அதைத் தடுக்கவோ உரிமம் கொடுத்துக் கட்டுப்படுத்தவோ பார்க்கின்றன. சட்டப் பிரச்சினையாகவும் தொல்லியல் பிரச்சினையாகவும் இதை நிறையப் பேசியாகிவிட்டது. அடியில் கிடப்பது ஒரு சமயக் கேள்வி: ஒருவனுடைய அழிவில் சிதறிய பொருள் என் கைக்கு வந்தால், அது கடவுள் எனக்குக் கொடுத்ததா? இல்லை என்பதே என் பதில். பேரிடர் உடைமையை மாற்றாது. கையில் கிடைத்தவர் காவலாள் மட்டுமே. இந்த விதி முதலில் அரசைக் கட்ட வேண்டும், அப்புறம்தான் அது தனியாரைக் கட்ட முடியும்.

ஆந்திரக் கடற்கரையிலேயே இதற்குக் கல்லில் வெட்டிய சாட்சி இருக்கிறது. சீராலாவுக்குத் தெற்கே மோட்டுப்பள்ளி என்ற ஊர் ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். அங்கே வீரபத்திரர் கோவில் தூண் ஒன்றில் காகதீய அரசர் கணபதிதேவர் 1244-45-இல் ஒரு அபய சாசனம் வெட்டிவைத்தார். கடல் கடந்து வரும் வணிகர்களுக்கான உறுதிமொழி அது. முன்பிருந்த அரசர்கள், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் கப்பல் புயலில் அடிபட்டு உடைந்து இந்தக் கரையில் ஒதுங்கினால், பொன், யானை, குதிரை, ரத்தினம் என்று அதிலிருந்த எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள் என்று அது ஒளிக்காமல் சொல்கிறது. பொருளை உயிரைவிடப் பெரிதாக நினைத்துக் கடலின் ஆபத்துக்குத் துணிந்து வந்தவர்கள் இவர்கள். ஆகவே கருணையாலும் புகழுக்காகவும் தர்மத்துக்காகவும், உரிய சுங்கம் தவிர மற்ற அனைத்தையும் அவர்களுக்கே விட்டுவிடுகிறோம் என்று அரசர் அறிவிக்கிறார். சுங்கம் முப்பதில் ஒரு பங்கு. இந்தச் சாசனத்தில் என்னை நிறுத்துவது அதன் நியாயம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. நிலம் யாருடையது, கரை யாருடையது, கண்டெடுத்தது யார் என்ற கேள்விகளுக்கு அது போகவே இல்லை. ஆபத்தை ஏற்றவன் யார் என்று மட்டும் கேட்கிறது. உயிரைப் பணயம் வைத்தவன் வணிகன். கரையில் நின்று பார்த்தவன் அரசன். பணயம் வைத்தவனிடமிருந்து புயல் பறித்தது போதும், நாமும் பறிப்பதா என்ற கூச்சம் அதில் தெரிகிறது. வணிகர்களை இழுத்துத் துறைமுகத்தைப் பெருக்கத்தான் இப்படிச் செய்தார், இதில் தர்மம் எங்கே என்று கேட்கலாம். வருமான எண்ணம் இருந்திருக்கும்தான். ஆனால் வெறும் வியாபாரத் தந்திரமாக இருந்திருந்தால் சலுகை கொடுத்தால் போதும். தன்னைப் போன்ற அரசர்களின் பழைய வழக்கத்தைப் பறிப்பு என்று கோவில் தூணில் எழுதிவைத்திருக்க வேண்டியதில்லை. 1358-இல் ரெட்டி அரசர் அனபோதா அதே துறைமுகத்தில் வணிகர்களுக்கு மறுபடியும் உறுதிமொழி கொடுத்தார். ஒருமுறை சொன்னால் நிலைத்துவிடுகிற விதி அல்ல இது என்பதும் அதிலிருந்து தெரிகிறது.

கணபதிதேவர் மறுத்த வழக்கத்துக்குப் பின்னால் ஒரு முழு இறையியலே இருந்தது. அதே நூற்றாண்டில் இந்தியக் கடற்கரைகளைக் கண்ட மார்க்கோ போலோ, மலபாரின் ஏழிமலைப் பக்கம் நடந்ததை எழுதியிருக்கிறார். அங்குள்ள முகத்துவாரத்துக்கென்று வரும் கப்பலை மரியாதையாக வரவேற்பார்கள். வேறு ஊருக்குப் புறப்பட்டு அங்கே வந்து ஒதுங்கிய கப்பல் என்றால் மொத்தமாகக் கொள்ளையடிப்பார்கள். எங்கோ போக இருந்தவனைக் கடவுள் எங்களிடம் அனுப்பினார், ஆகவே எல்லாம் எங்களுக்கே என்பது அவர்கள் சொன்ன காரணம். 1442-இல் கோழிக்கோட்டுக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மற்றத் துறைகளில் காற்று தள்ளிக்கொண்டு வந்த கப்பலைப் பறித்துக்கொள்வார்கள், கோழிக்கோட்டில் மட்டும் எங்கிருந்து வந்தாலும் எங்கே போனாலும் ஒரே நடத்தைதான் என்று வியந்து பதிவு செய்கிறார். ஐரோப்பாவும் இதே நோயில் கிடந்தது. கப்பல் உடைந்து தவிக்கும் கிறிஸ்தவர்களைக் கொள்ளையடிப்பவர்களை 1179-இன் மூன்றாம் லாத்தரன் சங்கம் திருச்சபையிலிருந்து விலக்க வேண்டியிருந்தது. உடைந்த கப்பலிலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பினாலும் அது அனாதைச் சொத்து ஆகாது, ஓராண்டும் ஒரு நாளும் உரியவனுக்காக வைத்திருக்க வேண்டும் என்று 1275-இல் இங்கிலாந்து சட்டம் போட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்ற புத்திக்குக் கடவுளைத் துணைக்கு அழைத்துக்கொள்வது எல்லா மதத்தாருக்கும் எளிதாக இருந்திருக்கிறது. நம்மிடம் அதற்கு இன்னும் நாசூக்கான வடிவம் உண்டு. மாலுமி செத்தது அவன் வினை, எனக்குக் கிடைத்தது என் பூர்வ புண்ணியம் என்போம். வினைக் கொள்கையை இப்படித் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. எனக்கு நேர்ந்ததை நான் தாங்கிக்கொள்ள அது ஒரு வழி. இன்னொருவனுக்கு நேர்ந்ததை வைத்து நான் ஆதாயம் பார்க்க அது அனுமதிச் சீட்டு ஆகாது. அவன் மூழ்கியது அவன் வினையாகவே இருக்கட்டும். அவன் பெட்டியைத் திறக்கிற செயல் என் கணக்கில்தான் ஏறும்.

தமிழில் இந்தக் கேள்வியைச் சாத்தனார் மணிமேகலையில் நேராகவே எடுத்துக்கொண்டிருக்கிறார், ஆதிரையின் கணவன் சாதுவன் கதையில். பொருளையெல்லாம் கணிகையிடமும் சூதிலும் தொலைத்த சாதுவன் கப்பலேறிப் போகிறான். கப்பல் உடைகிறது. பாய்மரத் துண்டொன்றைப் பற்றிக்கொண்டு நாகர்களின் மலையில் ஒதுங்குகிறான். அவர்கள் மனித மாமிசம் தின்பவர்கள். அவர்களுடைய மொழி தெரிந்திருந்ததால் தப்பித்து, அவர்கள் தலைவனோடு அறம் பேசுகிறான். தலைவன் தன்னால் கடைப்பிடிக்கக்கூடியது எதுவோ அதைச் சொல்லு என்கிறான். கப்பல் உடைந்து உயிர் பிழைத்து இங்கே வருகிறவர்களைக் கொல்லாதே என்பதுதான் சாதுவன் முதலில் கேட்பது. அந்த மக்களின் மொத்த வாழ்க்கையையும் திருத்த முயலாமல், கரை ஒதுங்கியவனை இரையாகப் பார்க்கும் ஒரு பழக்கத்தில் அவன் கை வைக்கிறான். பிறகு வருவது இன்னும் முக்கியம். முன்பு இப்படி ஒதுங்கியவர்களைத் தின்றுவிட்டுச் சேர்த்துவைத்த சந்தனம், அகில், துகில், பொன் எல்லாவற்றையும் தலைவன் சாதுவன் முன் குவிக்கிறான். சாதுவன் அவற்றை ஏற்றுக்கொண்டு, அந்தப் பக்கம் வந்த சந்திரதத்தன் என்னும் வணிகனின் கப்பலில் ஊர் திரும்புகிறான். திரும்பியவன் என்ன செய்தான்? மறுபடியும் சூதாடினான் என்றோ, அதை முதலாகப் போட்டு வியாபாரம் செய்தான் என்றோ காப்பியம் சொல்லவில்லை. ஆதிரையோடு இல்லறத்திலிருந்து தானங்கள் செய்தான் என்கிறது. செத்தவர்களின் பெயரும் ஊரும் தெரியாதபோது, அவர்கள் பொருள் தன் கைக்கு வந்துவிட்டபோது, அதைத் தனக்கென்று நிறுத்திக்கொள்ளாமல் ஊருக்குத் திருப்பிவிடுகிறான். மீட்டவனுக்கும் ஒரு வாழ்வு கிடைக்கிறது. ஆனால் சரக்கு அவனிடம் தேங்கவில்லை. இப்போதைய சட்டங்கள் எட்ட முயல்கிற நிலையும் ஏறக்குறைய இதுதான்.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் வலுவானது, இறந்தவனுக்கு ஏது சொத்து என்பது. உரியவன் கைவிட்டான், வாரிசும் மறந்தான், இருநூறு முந்நூறு ஆண்டுகள் போய்விட்டன. இனியும் ஒரு பேயை உரிமையாளன் என்பதா? இந்த வாதத்துக்கு மத ஆதாரமே இருக்கிறது. கடல் அலையும் ஆற்று வெள்ளமும் கொண்டுபோன பொருளில் உரியவன் நம்பிக்கை இழந்துவிடுகிறான், ஆகவே கண்டெடுத்தவன் வைத்துக்கொள்ளலாம் என்று யூதர்களின் தல்மூத் சொல்கிறது. இஸ்லாமியச் சட்டம் கண்டெடுத்த பொருளை ஓராண்டு ஊரறியச் சொல்லச் சொல்கிறது. மனு காணாமற்போன பொருளை அரசன் மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும் என்கிறார். எல்லாரும் ஏதோ ஒரு கெடு வைக்கிறார்களே? வைக்கிறார்கள். அந்தக் கெடுக்கள் சந்தையில் விழுந்த பணப்பைக்கும் வழிதவறிய மாட்டுக்கும் வேண்டியவை. உயிரோடிருக்கும் இருவருக்கிடையே வழக்கு தீர வேண்டுமே. நூற்றுக்கணக்கானவர்களோடு மூழ்கிய கப்பலில் நிலைமை வேறு. நம்பிக்கையை இழப்பது என்பதும் உயிரோடிருப்பவன் செய்யும் செயல். மூழ்கியவனுக்கு அதற்குக்கூட நேரம் கொடுக்கப்படவில்லை. காலம் உடைமையை அழிப்பதில்லை என்பதை நம் நாட்டுத் தெய்வமே லண்டன் நீதிமன்றத்தில் நிலைநாட்டியது. தஞ்சை மாவட்டம் பத்தூரில் 1976-இல் ஒரு கூலித் தொழிலாளி மண்ணை வெட்டியபோது சோழர்கால நடராசர் கிடைத்தார். கை மாறி, கடல் கடந்து, 1982-இல் பம்ப்பர் என்ற கனடா நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தார். லண்டன் போலீஸ் கைப்பற்றியதும் வழக்கு வந்தது. கோவில் இடிந்து, வழிபாடு நின்று, எத்தனையோ தலைமுறைகள் ஆகியிருந்தன. ஆனாலும் இந்தியச் சட்டப்படி கோவில் வழக்காடத் தகுதியுள்ளது, அந்தத் தகுதி இடிபாட்டால் போய்விடவில்லை என்று நீதிமன்றம் 1988-இல் ஏற்றது, 1991-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது, நடராசர் திரும்பினார். மண்ணுக்குள் இருந்த நூற்றாண்டுகளில் அவர் யாருக்கும் சொந்தமில்லாதவராக ஆகவில்லை. தண்ணீருக்குள் இருப்பதற்கு மட்டும் வேறு நியாயம் ஏன்?

அடுத்தது உழைப்பைப் பற்றிய வாதம். தேடுகிறவன் காசையும் உயிரையும் பணயம் வைக்கிறான். அவன் போகாவிட்டால் கப்பல் கிடப்பதே தெரியாது. கணபதிதேவர் ஆபத்தை ஏற்றவனுக்கு மதிப்புக் கொடுத்தார் என்றால் இவனும் ஆபத்தை ஏற்றவன்தானே? உண்மையான கேள்வி இது. 1961-இல் இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் பாறையருகே மைக் வில்சனும் உடன் முக்குளித்த இரண்டு அமெரிக்கச் சிறுவர்களும் ஒரு கப்பலின் எச்சத்தைப் பார்த்தார்கள். சூரத் அக்கசாலையில் அடித்த ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடந்தன. எழுத்தாளர் ஆர்தர் கிளார்க் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். இலங்கையின் கோடவாய அருகே இரண்டாயிரம் ஆண்டுக்கும் மூத்த கப்பலைக் கண்டவர்கள் சங்கு குளிப்பவர்கள். அரசாங்க ஆய்வாளர் யாரும் அங்கே முதலில் போகவில்லை. ஆகவே கண்டவனுக்குக் கூலி கொடுப்பதில் கஞ்சத்தனம் கூடாது. அர்த்தசாஸ்திரம் புதையலைக் காட்டியவனுக்கு ஆறிலொரு பங்கு என்கிற அளவுக்கு யோசித்தது. கூலி வேறு, உரிமை வேறு, அவ்வளவுதான். நெருப்பிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தவனுக்குப் பெட்டி சொந்தமாகிவிடாது என்பதைப் போல. பெட்டியே சம்பளம் என்று வைத்துவிட்டால் அவன் எதைத் தூக்குவான் என்பதும் மாறிவிடும். பூம்புகாருக்கு அப்பால் ஏறக்குறைய 19 மீட்டர் ஆழத்தில் தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஒரு கப்பலைக் கண்டார்கள். அதில் கிடைத்தவை ஈயப் பாளங்கள். அவற்றின் மேல் பிளாக்கெட் என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் அழுத்தமாகப் பொறித்திருந்தன. பிளாக்கெட் என்பது வட இங்கிலாந்தில் ஈயச் சுரங்கங்கள் வைத்திருந்த குடும்பம். இங்கிலாந்தில் உருக்கிய ஈயம் தரங்கம்பாடிக்கு எட்டிய தூரத்துக் கடலில் கிடக்கிறது. யாருடைய கப்பல், எங்கே போனது என்ற கேள்விகளுக்கு அந்த எழுத்துகளும் அவை கிடந்த இடமும்தான் நுனி. ஏலத்தில் இந்தப் பாளத்துக்குப் பழைய ஈய விலைதான். லாபத்துக்குப் போகிறவன் இதை ஒதுக்கித் தள்ளிவிட்டு வெள்ளியைத் தேடுவான். 1752-இல் மூழ்கிய டச்சுக் கப்பல் கெல்டர்மால்செனை 1985-இல் மைக்கேல் ஹாட்சர் திறந்தபோது இப்படித்தான் ஆனது. லட்சத்துக்கு மேற்பட்ட சீனப் பீங்கான்கள் அடுத்த ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. கப்பலைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை பதிவாகாமலே போயின. எது வேண்டும், எது வேண்டாம் என்று இருப்பதை எடுப்பவனின் ஆசையே பிரித்துவிடுகிறது. கோடவாயவில் கிடந்த கண்ணாடிப் பாளங்களையும் அம்மிக்கல்லையும் எந்தப் பங்குதாரரும் கேட்டிருக்க மாட்டார்.

என்னை அதிகம் உறுத்துவது மூன்றாவது வாதம். அரசு மட்டும் யோக்கியமா? 1804-இல் ஆங்கிலேயர் தாக்கி வெடித்து மூழ்கிய மெர்செடிஸ் என்ற ஸ்பானியக் கப்பலிலிருந்து ஒடிசி என்ற மீட்பு நிறுவனம் 2007-இல் ஏறக்குறைய 17 டன் நாணயங்களை எடுத்து ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனது. அமெரிக்க நீதிமன்றங்கள் ஸ்பெயினுக்கே கொடுக்கச் சொல்லி, 2012-இல் அவை மாட்ரிட் போய்ச் சேர்ந்தன. நாணயங்கள் எங்கள் மண்ணின் உலோகம் என்று பெரு சொன்னது எடுபடவில்லை. 1708-இல் கார்த்தஹேனாவுக்கு அப்பால் அறுநூறு பேர் வரை இருந்த சான் ஹோசே மூழ்கியது. கொலம்பியா அதன் இடத்தை 2015-இல் உறுதிப்படுத்தியது. கொலம்பியா கேட்கிறது, ஸ்பெயின் கேட்கிறது, அமெரிக்க நிறுவனம் ஒன்று கேட்கிறது. பொலிவியாவின் காரா காரா பழங்குடியினரும் கேட்கிறார்கள். போட்டோசி மலையில் அந்த வெள்ளியை வெட்டியெடுத்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் வாதம். ஆபத்தை ஏற்றவன் யார் என்ற மோட்டுப்பள்ளிக் கேள்வியை இங்கே போட்டுப் பார்த்தால், சுரங்கத்தில் மாண்டவனுக்கு முன்னால் மன்னரின் கொடி மிக இளைத்துப் போகிறது. அரசு இறையாண்மை என்ற பெயரில் கேட்பதும் பழைய அரசர்கள் கரை ஒதுங்கியதைக் கேட்டதும் ஒரே குரலாக ஒலிக்கும்போது, தனியாரைக் கண்டிக்க அதற்கு வாயில்லை. இதிலிருந்து தனியாரை விட்டுவிடலாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. பாதுகாப்பதால்தான் அரசனுக்குப் புதையலில் பங்கு என்று மனு காரணம் சொல்கிறார். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: பாதுகாப்பு நின்றால் பங்கும் நிற்கும், விற்கத் தொடங்கினால் உரிமை போய்விடும். யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை நூறாண்டு நீருக்குள் இருந்த எச்சங்களை வாணிபத்துக்காக எடுக்கக் கூடாது, இருந்த இடத்திலேயே காப்பதை முதலில் யோசிக்க வேண்டும் என்று சொல்வதில் ஒரு துறவின் சாயல் இருக்கிறது. விற்கிற உரிமையை அரசுகளே தங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கின்றன.

இருந்த இடத்திலேயே விடு என்றால் உப்பும் இழுவலையும் தின்றுவிடுமே, அரசு பாதுகாத்த லட்சணம் தெரியாதா என்பார்கள். தெரியும். வெளிநாட்டிலிருந்தும் திருடரிடமிருந்தும் மீட்ட திருமேனிகள் எத்தனையோ திருவாரூர் காப்பகத்தில் பூட்டுக்குள் நிற்கின்றன. தீபாராதனை இல்லாத பாதுகாப்பை எந்த ஆகமமும் பாதுகாப்பு என்று ஒப்புக்கொள்ளாது. சட்டமும் துண்டு துண்டாக இருக்கிறது. 1878-இன் புதையல் சட்டம் மண்ணில் புதைந்ததைப் பற்றிப் பேசுகிறது. 1958-இன் வணிகக் கப்பல் சட்டம் உடைந்த கப்பலின் உரிமையாளர் ஓராண்டுக்குள் வந்து நிரூபித்தால் மீட்டவருக்குரியதைக் கொடுத்துப் பொருளைப் பெறலாம் என்றது. நேற்று மூழ்கிய சரக்குக் கப்பலை நினைத்து எழுதிய ஏற்பாடு அது. 1972-இன் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோகாமல் தடுக்கிறது, கடலடியில் அது கிடந்த இடத்தின் நிலையைப் பற்றி அதற்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இந்தியத் தொல்லியல் துறைக்கு நீரடிப் பிரிவு ஒன்று 2001-இல்தான் வந்தது. இவ்வளவு மெலிந்த காவல் இருக்கும்போது தடை மட்டும் கடுமையாக இருந்தால், திருட்டு முக்குளிப்புக்குத்தான் வசதி. ஆனால் காவலாள் தூங்குகிறான் என்பது அவனை எழுப்பவோ மாற்றவோ காரணமாகலாம். வீட்டை ஏலம் விடக் காரணமாகாது. கெட்டுப்போகும் என்று தெரிந்ததை முறையாக எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும், அதற்குத் தனியார் முக்குளிப்பவரையும் கப்பலையும் கூலிக்கு அமர்த்தலாம். கூலி நாளுக்கும் வேலைக்கும், கிலோவுக்கு அல்ல.

இந்திய வெள்ளியோடு மூழ்கிய கப்பல் ஒன்றிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கெர்சொப்பா அருவியின் பெயரைத் தாங்கிய கெய்ர்சோப்பா கல்கத்தாவிலிருந்து வெள்ளி, தேயிலை, இரும்பு ஏற்றிக்கொண்டு 1940 டிசம்பரில் புறப்பட்டது. 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்கு அப்பால் ஜெர்மன் நீர்மூழ்கி அதைத் தாக்கியது. எண்பத்து சொச்சம் பேரில் பிழைத்தவர் ஒரே ஒரு அதிகாரி. மாண்டவர்களில் பெரும்பாலோர் லஸ்கர்கள் எனப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். வெள்ளியின் சொந்தக்காரர்களுக்குக் காப்பீடு கொடுத்துவிட்டதால் உரிமை பிரிட்டிஷ் அரசுக்கு வந்தது. ஏறக்குறைய 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து ஒடிசி நிறுவனம் 2012, 2013-இல் நூறு டன்னுக்கு மேல் வெள்ளிப் பாளங்களை எடுத்தது. செலவு போக நிறுவனத்துக்கு எண்பது சதவீதம், அரசுக்கு இருபது. சட்டப்படி குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. காப்பீட்டுக் கணக்குகூட நேராக இருக்கிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இரண்டே தரப்பு. உயிரைக் கொடுத்த தரப்புக்கு அங்கே நாற்காலி போடவில்லை. சாதுவன் தானம் செய்த இடத்தில் இங்கே பங்கு பிரித்தார்கள். அந்த இருபதில் ஒரு பகுதி லஸ்கர்களின் பெயர்களைத் தேடி எழுதவும் அவர்கள் ஊர்களில் ஒரு பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ போகவும் விதி இருந்திருந்தால், அதை யாரும் கொள்ளை என்று நினைத்திருக்க முடியாது. இந்தியா தன் கடலடி மரபுக்கென்று தனிச் சட்டம் எழுதும் நாளில் கண்டவனுக்கு நியாயமான கூலி, எடுத்தது எல்லாவற்றுக்கும் வெளிப்படையான பதிவு, மாண்டவரின் ஊருக்கும் உலோகம் வந்த மண்ணுக்கும் பங்கு என்று பல பிரிவுகள் வேண்டியிருக்கும். அவற்றுக்கெல்லாம் முன்னால், முதல் பிரிவாக, இதில் ஒரு காசையும் அரசு வருமானமாக எடுத்துக்கொள்ளாது, ஒரு துண்டையும் விற்காது என்ற உறுதி வர வேண்டும். மோட்டுப்பள்ளித் தூணிலும் முதலில் வருவது அரசர் எதை எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதுதான். எந்தச் சரக்குக்கு எவ்வளவு சுங்கம் என்ற பட்டியல் அதற்குக் கீழேதான் இருக்கிறது.